சிவிக்கிற்கு 95, வெகன் ஆருக்கு 92

கேள்வி: நான் தம்பிலுவிலில் இருக்கும் ஓர் ஆசிரியை. கொழும்பில் வேலை செய்த என் தம்பி கனடா போகும்போது தன் ஹொண்டா சிவிக் காரை (2018, 1.0 டேர்போ, இங்கிலாந்திலிருந்து இறக்கியது) என்னிடம் விட்டுப் போயிருக்கிறான். "அக்கா, 95 தவிர வேறொன்றும் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் 95 சில நாள் இருக்கும், சில நாள் "முடிஞ்சுது டீச்சர், நாளைக்கு வாங்க" என்பார்கள். 92 அடித்தால் எஞ்சின் பழுதாகிவிடுமா? இரண்டையும் கலக்கலாமா? கானில் வாங்கி வீட்டில் வைக்கலாமா? கணவரின் வெகன் ஆருக்கும் 95 அடித்தால் நல்லது என்று செட்டில் ஒருவர் சொன்னார். மகன் தன் மோட்டார் சைக்கிளுக்கு 95 தான் அடிக்கிறான், பிக்கப் கூட என்கிறான். வெளிநாடுகளில் 95 தான் சாதாரணப் பெற்றோல் என்கிறார்களே, இங்கே ஏன் அப்படி இல்லை?

பதில்:

டீச்சர், உங்கள் வீட்டில் மூன்று வாகனங்கள் நிற்கின்றன. 95 தேவைப்படுவது அவற்றில் ஒன்றுக்குத்தான். தம்பி சொன்னது சரி. செட்டில் சொன்னதும் மகன் சொல்வதும் காசுக்குக் கேடு.

முதலில் இந்த 92, 95 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து அமுக்கப்படும்போது சூடேறும். பிளக்கில் பொறி விழுந்த பிறகு அந்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டையும் அமுக்கத்தையும் தாங்க முடியாமல் தானாக வெடித்தால் உலோகத்தில் ஆணியால் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். அதைத்தான் கராஜில் 'நொக் அடிக்குது' என்கிறோம். அப்படி வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கான அளவுதான் ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்திருக்கிறார்கள். சோதனை எஞ்சினில் ஊற்றிப் பார்க்கும்போது, 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு தாங்குகிற பெற்றோல்தான் 92.

பொறுமைக்கான எண் அது, சக்திக்கான எண் கிடையாது. ஒரு லீற்றர் 95 இல் ஒரு லீற்றர் 92 இல் இருப்பதைவிடக் கூடுதல் சக்தி இருப்பதாக நினைக்க வேண்டாம். 8 ஆம் அளவு செருப்புப் போடுகிறவர் காசைக் கூடக் கொடுத்து 9 ஆம் அளவு வாங்கினால் வேகமாக நடப்பாரா? 'சூப்பர்' என்று பேர் வைத்ததால் வந்த மயக்கம் இது.

சரி, சிவிக்குக்கு வருவோம். 1000 சீசீக்குக் குறைந்த எஞ்சின்களுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் கொழும்புக்கு நிறைய இறங்கிய கார் இது. 988 சீசீ, மூன்று சிலிண்டர், டேர்போ. சின்ன எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் இழுவையை எடுக்க, டேர்போ காற்றை அடைத்து உள்ளே தள்ளுகிறது. உள்ளே அமுக்கமும் சூடும் கூடுவதால் பெற்றோலுக்குப் பொறுமையும் கூட வேண்டும். அதோடு இது ஐரோப்பிய சந்தைக்காகச் செய்த கார். அங்கே செட்டில் கிடைக்கும் சாதாரணப் பெற்றோலே 95 தான். அதை வைத்தே எஞ்சினையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையேட்டிலும் 95 அல்லது அதற்கு மேல் என்றுதான் இருக்கும்.

அதற்காக ஒருநாள் 92 அடித்தால் கார் நடுவழியில் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எஞ்சினில் நொக் சென்சர் ஒன்று காது கொடுத்தபடி இருக்கிறது. நொக் தொடங்கியதும் கணினி பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், டேர்போவின் அழுத்தத்தையும் குறைக்கும். இழுவை கொஞ்சம் போகும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். 2022 இல் கியூவில் நின்று கிடைத்ததை அடித்த காலத்தில் இப்படியான கார்கள் பல 92 இலேயே ஓடின. அந்த வருடம் என் கராஜுக்கு வந்த பழுதுகளில் அதிகமானவை 92 அடித்ததால் வந்தவை இல்லை. போத்தல் பெற்றோலால் வந்தவைதான் அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் சென்சர் காப்பாற்றுகிறது என்பதற்காக அதை நம்பியே ஓட்டுவதும் சரியில்லை. அது நொக் வந்த பிறகுதான் திருத்தும், வருமுன் தடுக்காது. நம் பக்கத்துக் காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பகல் காற்று நெருப்பாகவும் காய்ந்தும் இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று சூடாக இருந்தால் நொக் கூடும், ஈரப்பதம் குறைந்தால் இன்னும் கூடும். மாரி மழையில் ஒன்றும் தெரியாமல் 92 இல் ஓடிய அதே கார், ஜூலை மத்தியானம் ஏசியும் போட்டு ஐந்து பேரையும் ஏற்றினால் சோர்ந்துபோய் இழுக்கும். அது பழுது கிடையாது, கணினி எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அவசரத்துக்கு 92 அடிக்க வேண்டி வந்தால் பத்து, பதினைந்து லீற்றர் மட்டும் அடியுங்கள். அடுத்த முறை 95 ஐ ஊற்றிக் கலந்துவிடலாம். கலப்பதால் ஒரு தீங்கும் இல்லை. பாதிக்குப் பாதி என்றால் கிட்டத்தட்ட 93.5 என்று வைத்துக்கொள்ளலாம். 92 இருக்கும்போது மெதுவான வேகத்திலிருந்து அக்சிலேற்றரைத் திடீரென்று முழுவதும் மிதிக்க வேண்டாம். நல்ல காலமாகத் தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று நீங்கள் போகிற வழி முழுக்கத் தட்டை நிலம். எஞ்சினுக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் பாடசாலை விடுமுறைக்குப் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு. வெல்லவாய தாண்டிக் கொஸ்லந்தை, பெரகலை என்று மேலே ஏறும் பாதை இருக்கிறதே, அங்கே டேர்போவுக்கு ஓய்வே கிடையாது. அந்தப் பயணத்துக்குத் தாங்கியில் 95 தான் இருக்க வேண்டும்.

இனி, 95 கிடைக்கவில்லை என்ற பிரச்சினை. செட்காரரைக் குறை சொல்ல முதல் அவர் பக்கத்தையும் பாருங்கள். எண்ணெய் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கு வருகிறது, மிச்சம் பவுசரில் வருகிறது. நீண்ட பாதை. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் அந்த எண்ணெய் ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது ஞாபகம் இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் விற்பனை. பவுசர் கணக்கு 6600 லீற்றர் என்ற அளவில் போகிறது. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஓடுகிற ஊரில் 92 உம் டீசலும் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். 95 கேட்டு வருகிறவர் நாளைக்கு எத்தனை பேர்? காசை முன்கூட்டிக் கட்டி அவ்வளவு 95 ஐ எடுத்துத் தாங்கியில் நிறுத்தி வைக்கச் சின்னச் செட்டுக்குக் கட்டாது. அதனால் பட்டணங்களிலும் பெரிய சந்திகளிலும் உள்ள செட்டுகள்தான் அதை ஒழுங்காக வைத்திருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விலை வழக்கமாக மாறுவது மாத முடிவில். அடுத்த மாதம் விலை குறையும் என்று கதை அடிபட்டால், பழைய விலைக்கு வாங்கி நட்டப்பட விரும்பாத செட்காரர்கள் கடைசி நாட்களில் ஓடரைக் குறைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் முதலில் காணாமல் போவது 95 தான். ஆகவே மாதத்தின் 25 ஆம் திகதிக்குள் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்தால் இது பெரிய தலையிடியே இல்லை. சிவிக்கின் தாங்கி சுமார் 46 லீற்றர். லீற்றருக்கு 13 கிலோமீற்றர் என்று குறைத்தே போட்டாலும் அரைத் தாங்கி கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் ஓடும். உங்கள் வீட்டிலிருந்து மட்டக்களப்புப் பட்டணம் எழுபது எண்பது கிலோமீற்றர்தானே. அரைக்குக் கீழே முள் இறங்க விடாமல், அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போகும்போதெல்லாம் 95 இருக்கிற செட்டில் நிரப்பிவிட்டால் 92 அடிக்கிற நிலைமையே உங்களுக்கு வராது. ஓட்டம் அதிகமுள்ள ஒரு செட்டைப் பிடித்து அங்கேயே அடியுங்கள். 95 ஆடிக்கொருக்கால் விற்கும் இடத்தில் அது நிலத்தடித் தாங்கியில் கிடந்து பழசாகும். மாரியில் வெள்ளம் நின்ற இடமென்றால் தண்ணீர் கலந்திருக்குமோ என்ற சந்தேகமும் உண்டு. பெற்றோல் அடித்து வெளியே வந்த சில நிமிடத்தில் எஞ்சின் திக்கித் திணறினால் மேலும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். பில்லை எறிய வேண்டாம்.

கானில் வாங்கி வீட்டில் வைப்பதா? வேண்டவே வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடி சரியாக இறுகாவிட்டால் நிலத்தோடு ஊர்ந்து குசினி அடுப்பு வரைக்கும் போகும். இருபது லீற்றருக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டுமா? சூட்டில் கிடந்தால் அதன் லேசான பாகங்கள் பறந்துபோய் மிச்சமும் கெட்டுவிடும்.

போத்தல் பெற்றோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செட் தூரமாக இருக்கும் ஊர்களில் கடை வாசலில் போத்தலில் நிரப்பி வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள்காரருக்கு உதவுகிற வியாபாரம்தான், எல்லோரும் கள்ளர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணெண்ணெய் கலந்தது வந்துவிட்டால் எஞ்சின் பாடு அதோகதி. 2022 ஓகஸ்ட் நடுவில் 92 லீற்றர் 450 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. கலப்படக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த மாதத்தின் பிற்பகுதியில்தான் மண்ணெண்ணெய் 340 ஆனது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் தாழ்வு. கொஞ்சம் சேர்ந்தாலே 92 என்பது பேருக்குத்தான். பிளக் கரியாகும், இன்ஜெக்டர் அடைக்கும், ஒயில் கெடும். சந்தேகம் இருந்தால் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் காய்ந்து தடயமில்லாமல் போகும், மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். சிவிக்குக்கு இதெல்லாம் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், போத்தல் பக்கம் போகவே கூடாது. கடைகளில் விற்கும் 'ஒக்டேன் பூஸ்டர்' குப்பிகளும் அப்படித்தான். அதில் '3 பொயின்ட் கூடும்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 92 என்பது 92.3 ஆகும் என்றுதான் அர்த்தம். அந்தக் காசுக்கு 95 ஐயே அடிக்கலாம்.

இப்போது வெகன் ஆர். ஜப்பானிலிருந்து இறக்கிய கார் என்றால் அது ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்தது. அந்த நாட்டுத் தரப்படி சாதாரணப் பெற்றோல் 89 இருந்தால் போதும். நாம் அடிப்பது 92. ஏற்கெனவே தேவைக்கு மேலேதான் கொடுக்கிறோம். கொம்ப்ரஷன், அதாவது கலவையை அமுக்கும் அளவு, கூடிய எஞ்சினுக்கு 95 வேண்டும் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். டொயோட்டா அக்வாவின் கொம்ப்ரஷன் 13.4, அதுவும் சாதாரணப் பெற்றோல் கார்தான். வால்வு மூடும் நேரத்தைத் தாமதமாக்கி உள்ளே உண்மையில் அமுங்கும் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே எண்ணை வைத்து ஊகிக்க வேண்டாம், பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, போனைப் பிடித்தால் மொழிபெயர்த்துச் சொல்லும். 'ரெகுலர்' என்று வந்தால் 92. 'பிரீமியம்' என்றோ 'ஹை ஒக்டேன்' என்றோ வந்தால் 95.

கணவருக்கு இதையும் சொல்லுங்கள். விலை மாதா மாதம் மாறினாலும் 95 எப்போதும் கூடத்தான். லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் என்று வைத்தால் 25 லீற்றருக்கு 1000 ரூபா. மாதம் நான்கு தடவை அடித்தால் 4000. சில மாதத்தில் நல்ல எஞ்சின் ஒயிலும் எயார் ஃபில்டரும் புதுப் பிளக்கும் போட்டு மிச்சமும் கையில் இருக்கும். வெகன் ஆருக்கு அதுதான் மருந்து. சுத்தம் செய்யும் மருந்து சேர்ந்த 95 என்று விளம்பரம் வரும். அந்த மருந்து நல்லதுதான், ஆனால் ஒக்டேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் கவனம். வெகன் ஆர் 92 இல் நொக் அடிக்கிறது, 95 அடித்ததும் சத்தம் நின்றுவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், அது காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட கதை. உள்ளே கரி படிந்திருக்கலாம், ரேடியேற்றர் விசிறி சரியாகச் சுழலாமல் இருக்கலாம், பொருந்தாத பிளக் போட்டிருக்கலாம். 95 ஐ ஊற்றி மறைக்காமல் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மகனின் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் செய்ததென்றால், அங்கே நீண்ட காலம் சாதாரணப் பெற்றோல் 91 ஆகத்தான் இருந்தது. நம் 92 இல் அது சுகமாக ஓடும். பிக்கப் கூடியது மனதில்தான். மகனுக்குத் தெரியாமல் ஒரு தடவை 92 அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை கழித்துக் கேட்டுப் பாருங்கள்! செயினைக் கழுவி எண்ணெய் போட்டு, டயர் காற்றைச் சரி பார்த்தால் அவன் தேடுகிற பிக்கப் அங்கே கிடைக்கும்.

வெளிநாட்டுக் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஐரோப்பாவில் 95 சாதாரணம், மலேசியாவிலும் அப்படித்தான். இந்தியாவில் நீண்ட காலம் 91 ஆக இருந்தது. உங்கள் தம்பி கனடாவில் 87 என்று போட்டிருப்பதைப் பார்த்து "இதென்ன இவ்வளவு கேவலமான பெற்றோல்" என்று உங்களுக்கு மெசேஜ் போட்டாலும் போடுவார். அங்கே இரண்டு விதமாக அளந்து சராசரி எடுத்து எழுதுகிறார்கள். அந்த 87 நம் கணக்கில் கிட்டத்தட்ட 91, 92. ஒவ்வொரு நாடும் தன் பெற்றோலுக்கு ஏற்ற காரைச் செய்கிறது, அல்லது தன் வாகனங்களுக்கு ஏற்ற பெற்றோலை விற்கிறது. நாமோ ஜப்பான், இந்தியா, இங்கிலாந்து என்று எல்லா இடத்துக் காரையும் இறக்கிவிட்டு ஒரே செட்டில் வரிசையில் நிற்கிறோம்.

நம் நாட்டிலும் முன்பு 90 தான் சாதாரணமாக இருந்தது, பிறகு 92 ஆக்கினார்கள். அதை 95 ஆக்கலாமா என்றால் செய்யலாம்தான், காசு யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி. ஒக்டேனைக் கூட்டுவதற்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் கூடுதல் வேலையும் கூடுதல் செலவும் உண்டு. சப்புகஸ்கந்தை 1969 இல் தொடங்கிய நிலையம், பெற்றோலில் பெரும்பகுதியை வெளியே இருந்துதான் வாங்குகிறோம். தெருவில் ஓடுவதில் மிகப் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும். சிவிக், ஔடி வைத்திருக்கிற சிலருக்காக வாழைச்சேனையில் ஓட்டோ ஓடுகிறவர் ஒவ்வொரு லீற்றருக்கும் கூடக் கட்ட வேண்டுமா? என் கருத்தில் தேவையில்லை. நான் கேட்பது வேறு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, பொத்துவில் என்று பட்டணத்துக்கு ஒரு செட்டிலாவது 95 எந்த நாளும் இருக்க வேண்டும். அறுகம்பேக்கு வாடகைக் காரில் வருகிற வெள்ளைக்காரருக்கும் அது உதவும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சிவிக்குக்கு ஒக்டேனைவிட எஞ்சின் ஒயில் முக்கியம். டேர்போவோடு பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சுகிற இப்படியான எஞ்சின்களில், மெதுவான வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பொறி விழுமுன்பே தீப்பிடிக்கிற ஒரு குணம் உண்டு. பிஸ்டனை உடைக்கக்கூடியது. அதற்குக் காரணங்களில் ஒன்று ஒயிலில் உள்ள சேர்க்கைகள். அதைத் தடுப்பதற்கென்றே 2018 இல் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய அமைப்பின் எஸ்என் பிளஸ் என்ற தரமும், 2020 இல் ஏபிஐ எஸ்பி என்ற தரமும் வந்தன. ஒயில் கானின் பின்பக்கத்தில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து, கையேட்டில் சொன்ன தடிப்பில் வாங்குங்கள். இந்த எஞ்சினின் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஒயிலும் காலம் கடந்த ஒயிலும் அந்தப் பெல்ட்டைத்தான் முதலில் தின்னும். பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும். தம்பிக்கு ஒரு கோல் எடுத்து, கடைசியாக எப்போது என்ன ஒயில் மாற்றினார், பெல்ட்டை எப்போதாவது பார்த்தார்களா, சர்வீஸ் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் எதையும் நம்பாமல் ஒயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றி, பெல்ட்டையும் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.